ழகரத்துக்கு ஆள் இல்லை

பேசும் பொத்தானை அழுத்தியிருக்கும்வரை
இந்தக் கருவிக்குக் காது கிடையாது.
பயிற்சியில் முதல் நாள் சொல்லித்தந்தது.
முதலில் மறந்துபோனதும் அதுதான்.

கல்லடிமேடு எஸ்டேட், மூன்றாம் டிவிஷன்.
மலைக்கு முகம் இடுக்கி.
முதுகுப் பக்கம் எட்டிப் பார்த்தால்
கீழே கம்பத்து விளக்குகள், மழை கொஞ்சம் விட்டால்.
இரண்டு லயம் இருந்த இடத்தில்
இப்போது வெறும் சரிவு,
இலையில் சோற்றை வழித்த மாதிரி.

நான் மேலே.
பள்ளிக்கூட மைதானத்தில் லால்ரின்மாவியா, ஐஸால்காரன்,
ஹெலிகாப்டர் வராத ஹெலிபேடுக்குக் காவல்.
நடுவில் நாலு கிலோமீட்டர் மழை.
அவன் இந்தி என் இந்தியைவிட மோசம்.
அதனால்தான் எங்களுக்குள் புரிந்தது.

காணாதவர் பட்டியலை அனுப்பச் சொன்னார் மேஜர்.
மாடத்தி பக்கத்தில் நின்று ஒவ்வொருவராய்ச் சொல்ல
எழுத்து எழுத்தாய் உடைத்துப் போட்டேன்.
பேச்சிமுத்து.
பாப்பா, எக்கோ, சார்லி…
சட்டென்று என் முழங்கையைப் பிடித்தாள்:
"பாப்பாவா? எந்தப் பாப்பா? கெடச்சுட்டாளா?"
இல்லம்மா. அது ஒரு எழுத்து.
பட்டாளத்தில் 'ப'வுக்கு அப்படித்தான் பெயர்.
பிடியை விட்டாள்.
மழைக்கோட்டில் நான்கு விரல் சேறு.

பதினேழாவது பெயர் யாழிசை, வயது ஆறு.
அந்த அகரவரிசையில் ழகரத்துக்கு ஆள் இல்லை.
ஜூலு, ஹோட்டல் என்று
இரண்டு பேரைத் தோள்கொடுக்க வைத்துத் தூக்கினேன்.
திரும்ப வாசித்தான் லால்ரின்மாவியா:
யாசிசை.
இல்லை, என்றேன்.
யாகிசை.
இல்லை.
மூன்றாம் முறை அவன் நாக்கு எங்கேயோ மடங்கி
ஏறக்குறைய வந்துவிட்டது.
மாடத்தி தலையாட்டினாள்.
சரி, ஓவர்.

மணிக்கு ஒருமுறை பத்து நிமிடம் மௌனம்.
ஜேசிபி நிற்கும். ஜெனரேட்டர் நிற்கும்.
எல்லா செட்டும் அணைய வேண்டும், என்னுடையதும்.
நூற்றுப்பத்து பேர் மண்ணில் காதை வைத்துக் குப்புறக் கிடப்போம்.
பதினோரு வருடமாகக் காற்றிலிருந்து குரல் பிடித்தவன்,
தரையிலிருந்து பிடிப்பது எப்படி என்று
எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.
மாற்று பேட்டரி அக்குளில் இருந்தது,
குளிரில் செத்துவிடும் என்பதால்.
அங்கே துடித்தது என் நாடிதான்.
முதல் தடவை ஏமாந்தேன்.

நாலாவது மௌனத்தில்
தகரத்துக்கு அடியில் சுரண்டல்.
மூன்று, விட்டு, இரண்டு.
கட்டைவிரல் தானாகப் பொத்தானுக்குப் போனது.
செட் அணைந்திருந்தது.
அதனால் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

கையால்தான் தோண்டினோம். ஒரு மணி நேரம், அதற்கும் மேல்.
வெளியே வந்தது ஆடு.
ஒரு கொம்பு முறிந்து, கண்ணில் மண்ணோடு,
யார் மீதோ கோபமாக.
எவனும் சிரிக்கவில்லை. எவனும் அழவில்லை.
ஒருவன் ரொட்டியை நீட்டினான்.

செட்டைப் போட்டேன்.
உயிருடன் ஒன்று. ஓவர்.
மறுமுனை மூச்சு வாங்கியது: பெயர்?
ஆடு, ஓவர்.
ரொம்ப நேரம் இரைச்சல் மட்டும்.
பிறகு லால்ரின்மாவியா மெதுவாக,
விதிப் புத்தகத்தில் இல்லாத ஒரு கேள்வி கேட்டான்:
அதற்கும் பெயர் இருக்குமே?

மாடத்தியைப் பார்த்தேன்.
"வெள்ளச்சி," என்றாள்.
விக்டர், எக்கோ, லீமா, லீமா…
முழுவதும் அனுப்பினேன்.
முழுவதும் திரும்ப வாசித்தான், தப்பில்லாமல்.

விடிந்ததும் பதிவேட்டைப் புரட்டிய மேஜர்
இரண்டு நாற்பது வரியில் விரலை வைத்தார்.
ஒன்றும் சொல்லவில்லை. அடிக்கவும் இல்லை.
பதினேழாவது வரிக்கு எதிரே கட்டம் காலி.

பேட்டரி மாற்றினேன்.
ஏழு மணி மௌனத்துக்கு இன்னும் ஆறு நிமிடம்.
அவன் கூப்பிடுகிறான், ஏதும் செய்தி உண்டா என்று.
சொல்வதற்கு இல்லை.
ஆனாலும் பொத்தானை அழுத்தி,
அவனுக்குக் கேட்கட்டும் என்று
கொஞ்ச நேரம் மழையை அனுப்புகிறேன்.